சுண்டெலியின் மூளையில் ஒரு கதவு

மலைநாட்டு லயங்களிலே வாழ்வோருக்கு எலியின் அறிவைப் பற்றி எவரும் பாடஞ் சொல்ல வேண்டுவதில்லை. பொறி வைத்த முதல் நாள் ஒன்று அகப்படும். மறுநாள் இன்னொன்று அகப்படலாம். அதன் பின்னர்ப் பொறியிலே செருகிய தேங்காய்த்துண்டு காய்ந்து கிடக்குமேயன்றி எந்த எலியும் அந்தப் பக்கம் தலைகாட்டாது. "எலிக்கு இருக்கிற ஞாபகம் நம்ம புள்ளைக்கு இல்லையே" என்று கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துக்கொண்டே ஒரு தாய் சொல்லுவாள். வேடிக்கைப் பேச்சுத்தான், எனினும் அதனுள்ளே ஒரு முள் மறைந்திருக்கிறது. வாய்ப்பாட்டை நான்கு முறை சொல்லிக் கொடுத்தும் ஐந்தாம் முறை மறந்துவிட்ட பிள்ளைக்கு "மக்கு" என்னும் பெயர் உடனே சூட்டப்பட்டுவிடுகிறது. பெயர் சூட்டுவதற்கு ஒரு நிமிடம் போதும். அப்பெயரோ அவன் பள்ளியை விட்டு விலகிக் கொழும்பிலே ஒரு கடைக்கு வேலைக்குப் போகும் நாள் வரை அவனை விட்டு நீங்குவதில்லை.

ஒரு பிள்ளை விரைந்து கற்கிறது. மற்றொன்று மெல்லக் கற்கிறது. வேறொன்று கற்றதை மறுநாளே மறக்கிறது. இவ்வேறுபாடு எங்கே இருக்கிறது? தலையெழுத்து என்றனர் முன்னோர். கிரகபலன் என்றனர் சிலர். பரம்பரை என்று சொல்லிக் கைகழுவியவர் பலர். 1990 ஆம் ஆண்டுகளிலிருந்து விஞ்ஞானிகள் இவ்வினாவுக்கு விடை தேடிப் புகுந்த இடம் சற்றே வியப்பானது. பரம்பரையலகை மாற்றி வளர்க்கப்பட்ட சுண்டெலியின் மூளையே அவ்விடம். அங்கே அவர்கள் கண்டது என்ன, காணாதது என்ன என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

மனித மூளையிலே ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக்கலங்கள் உள. சுண்டெலியின் மூளையிலே உள்ளவை ஏறத்தாழ 7 கோடி. தொகையில் இத்துணை வேறுபாடு இருந்தும், ஒரு கலம் மற்றொரு கலத்தோடு பேசும் முறையில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஒரு கலத்தின் நுனி அடுத்த கலத்தை முற்றாகத் தொட்டு நிற்பதில்லை. நடுவே மிக நுண்ணிய இடைவெளி ஒன்று உண்டு. முதற்கலம் தன் நுனியிலிருந்து ஓர் இரசாயனப் பொருளை அவ்விடைவெளியிலே உமிழ்கிறது. எதிர்க்கரையில் நிற்கும் கலத்தின் மேற்பரப்பிலே அப்பொருளை ஏற்பதற்கென்றே அமைந்த புரதங்கள் உள. இவற்றுக்கு 'வாங்கி' என்று பெயர். கொடுப்பதை வாங்கிக்கொள்வதால் வாங்கி. விஞ்ஞானப் பாடநூல்களிலே பிள்ளைகளின் நாவைப் பிணிக்கும் கலைச்சொற்களுக்கு நடுவே, இஃது ஒன்றேனும் எளிமையாக அமைந்தது நற்பேறு.

மூளையிலே மிகுதியாக வழங்கும் செய்திப்பொருளுக்குக் குளுட்டமேற்று என்று பெயர். அதனை ஏற்கும் வாங்கிகள் பலவகைப்படும். அவற்றுள் ஒன்றை என்.எம்.டி.ஏ. வாங்கி என்பர். மற்றை வாங்கிகளிலிருந்து இதனைப் பிரித்துக் காட்டும் இயல்பு ஒன்று உண்டு. சாதாரண வாங்கி, செய்திப்பொருள் வந்து தொட்டதும் கதவைத் திறந்துவிடும். என்.எம்.டி.ஏ. வாங்கியின் வாயிலிலோ மக்னீசிய அயன் ஒன்று அடைப்பானைப் போல் அமர்ந்திருக்கிறது. குளுட்டமேற்று வந்து சேர்ந்தால் மட்டும் இக்கதவின் வழி திறவாது. அதே சமயத்திலே, செய்தியை ஏற்கும் கலமும் வேறு வழியாக விழித்தெழுந்திருக்க வேண்டும். அவ்வாறு விழித்தெழுந்தால் அக்கலத்தின் மின்னிலை மாறி மக்னீசியம் விலகும். கல்சியம் உள்ளே பாயும். இரண்டு சாவிகளை இருவர் வைத்திருக்க, இருவரும் ஒருங்கே வந்தாலன்றித் திறவாத இரும்புப்பெட்டியைப் போன்றது இது. 1984 ஆம் ஆண்டளவில் இந்த மக்னீசிய அடைப்பின் தன்மை தெளிவாயிற்று.

இரண்டு சாவி எதற்கு? கற்றல் என்பதே இரண்டை முடிச்சிடும் தொழிலாக இருப்பதுதான் காரணம். 'அ' என்னும் வடிவத்தைக் கண் காண்கிறது. அதே கணத்திலே ஆசிரியரின் ஒலியைச் செவி கேட்கிறது. இரண்டும் ஒருங்கே நிகழ்ந்தன என்பதை மூளையிலே ஏதோ ஒன்று குறித்துக்கொண்டாக வேண்டும். கனடா நாட்டு உளவியலறிஞர் டொனால்ட் ஹெப் 1949 ஆம் ஆண்டிலே, ஒரு கலம் மற்றொரு கலத்தைத் திரும்பத் திரும்பத் தூண்டி எழுப்புமாயின் அவ்விரண்டின் இணைப்பு வலுப்பெறும் என்று ஊகித்தெழுதினார். 1973 இல் திமொதி பிளிஸ், தெர்யே லோமோ என்னும் இருவர் முயலின் மூளையிலே அத்தகைய வலுப்பெறுதலைக் கண்ணாரக் கண்டு அறிவித்தனர். ஹெப் தேடிய முடிச்சை இடுவது என்.எம்.டி.ஏ. வாங்கியே என்ற கருத்து அதன் பின்னர் மெல்ல மெல்ல உருவாயிற்று.

நோட்டன் பிரிட்ஜ் அணைக்கட்டைப் பார்த்தவர்களுக்கு இதில் இன்னொரு நுட்பத்தையும் எளிதாக விளக்கலாம். காசல்ரீ நீர்த்தேக்கத்தின் நீர் சுரங்க வழியே வந்து, 1965 இல் இயங்கத் தொடங்கிய விமலசுரேந்திர மின்நிலையத்தைச் சுழற்றிவிட்டு, நோட்டன் பிரிட்ஜிலே தேங்குகிறது. அங்கிருந்து மீண்டும் சுரங்கம் புகுந்து பழைய லக்சபான நிலையத்துக்கு இறங்குகிறது. தென்மேற்குப் பருவமழை கொட்டிக் கெஹெல்கமு ஓயா பெருகும் காலத்திலே வான்கதவுகள் திறக்கப்படும். அப்போது கீழேயுள்ள ஆற்றின் கோலமே வேறாகிவிடும். கதவு திறந்ததா என்பது மட்டும் அங்கே முக்கியமன்று. எத்தனை நேரம் திறந்திருந்தது என்பதும் முக்கியம். கரையோரத்து மக்கள் கேட்டறிய விரும்புவதும் அதனையே. மூளையின் கதவுக்கும் இந்த நேரக்கணக்கு உண்டு. நேயர்கள் இதனை மனத்திலே வைத்துக்கொள்க. சற்றுப் பின்னால் இது தேவைப்படும்.

ஊகம் ஒருபுறமிருக்க, வாங்கிக்கும் கல்விக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டென்பதை எவ்வாறு நிறுவுவது? எலியிடம் எழுத்துப் பரீட்சை வைக்க முடியாது. ரிச்சர்ட் மொரிஸ் என்னும் பிரித்தானிய அறிஞர் 1981 ஆம் ஆண்டிலே இதற்கு ஓர் அழகிய வழியைக் கண்டார். வட்டமான பெரிய தொட்டி ஒன்றில் நீர் நிரப்பி, அதனைப் பால்போல் கலக்கி, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே கண்ணுக்குத் தெரியாதவாறு ஒரு சிறு மேடையை வைத்தார். தொட்டியில் விடப்பட்ட எலி நீந்திச் சுற்றிச் சுற்றி அலைந்து தற்செயலாக மேடையிலே ஏறிக்கொள்ளும். மறுமுறை விடும்போது, அறையின் சுவரிலே உள்ள அடையாளங்களை நினைவு கூர்ந்து முன்னிலும் விரைவாக மேடையைச் சென்றடையும். சில நாட்களுக்குப் பின் எங்கிருந்து விட்டாலும் நேரே நீந்திச் செல்லும். 1986 ஆம் ஆண்டிலே மொரிசும் துணைவரும் என்.எம்.டி.ஏ. வாங்கியை அடைக்கும் மருந்து ஒன்றை எலிகளின் மூளைக்குள் செலுத்தி இத்தொட்டியிலே விட்டனர். அவ்வெலிகள் நன்றாக நீந்தின. ஆனால் மேடை இருக்கும் இடத்தைக் கற்றுக்கொள்ள இயலாமல் தடுமாறின.

மருந்து என்பது பரவிச் செல்லும் பொருள். அது எங்கெங்கே சென்று என்னென்ன செய்தது என்று உறுதி கூறல் அரிது. ஆகவே பரம்பரையலகையே நீக்கிப் பார்ப்போம் என்று துணிந்தவருள் ஒருவர் சுசுமு தொனெகாவா. யப்பானில் பிறந்து அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலே பணியாற்றிய இவர், நோய் எதிர்ப்புப் பொருள்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1987 இல் நோபெல் பரிசு பெற்றவர். பரிசு பெற்ற துறையிலேயே எஞ்சிய வாழ்நாளை இனிதாகக் கழித்திருக்கலாம். மனிதர் ஐம்பது வயதை நெருங்கும் வேளையிலே மூளை ஆராய்ச்சிக்குத் திரும்பி, மாணாக்கரைப் போல் முதலிலிருந்து தொடங்கினார்.

என்.எம்.டி.ஏ. வாங்கிக்கு இன்றியமையாத பரம்பரையலகை உடல் முழுவதிலும் நீக்கினால் சுண்டெலிக் குஞ்சு பிறந்த சிறிது காலத்திலேயே இறந்துவிடுகிறது. இறந்த குஞ்சு எதையும் கற்றுக்காட்டாது. ஆகவே தொனெகாவாவின் ஆய்வுகூடத்திலே ஜோ சியென் என்னும் இளம் விஞ்ஞானி, நினைவுக்கு முதன்மையானதும் கடற்குதிரையின் வடிவங் கொண்டதுமான மூளைப்பகுதியின் ஒரு சிறு கூற்றிலே மட்டும் அந்த அலகு நீங்குமாறு ஓர் இனச் சுண்டெலியை உருவாக்கினார். அச்சுண்டெலிகள் உண்டன, ஓடின, வளர்ந்தன. பார்ப்பவர் கண்ணுக்கு எக்குறையும் இல்லை. மொரிசின் தொட்டியிலே விட்டபோதுதான் குறை வெளிப்பட்டது. 1996 ஆம் ஆண்டிலே வெளிவந்த இம்முடிவு, ஒரே ஒரு வாங்கி, மூளையின் ஒரே ஒரு மூலையிலே இல்லாமற் போனால் இடத்தை நினைவிற் கொள்ளும் ஆற்றல் குன்றும் என்பதைக் காட்டிற்று.

நீக்கினால் குன்றும், கூட்டினால் வளருமா? இதனைக் கேட்டவரும் சியெனே. நேரக்கணக்கை நினைவிற் கொள்ளுமாறு முன்னர்க் கூறியது இதற்காகவே. என்.எம்.டி.ஏ. வாங்கி பல துண்டுகள் சேர்ந்து அமைந்தது. இளம் விலங்குகளிலே என்.ஆர். 2பி என்னும் துண்டு மிகுந்திருக்கும். அத்துண்டு உள்ள கதவு நெடுநேரம் திறந்திருக்கும். வயது ஏற ஏற என்.ஆர். 2ஏ என்னும் துண்டு மிகுகிறது. கதவு விரைவிலே மூடிக்கொள்கிறது. ஐந்து வயதுப் பிள்ளை சிங்களமும் தமிழும் ஒருங்கே விளையாட்டாகப் பேசக் கற்றுக்கொள்வதும், அதே பிள்ளையின் தந்தை ஐம்பது வயதிலே புதுமொழி ஒன்றோடு மல்லாடுவதும் இக்கதவொன்றால் மட்டும் ஏற்படுவன என்று கூறுதல் மிகையாகும். எனினும் சியெனுக்கு இது ஒரு துப்பாக அமைந்தது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திலே அவரும் துணைவரும் வளர்ந்த சுண்டெலியின் முன்மூளையிலும் என்.ஆர். 2பி மிகுந்து உண்டாகுமாறு பரம்பரையலகைப் புகுத்தினர். அவற்றின் வாங்கிக் கதவு வழக்கத்தினும் ஏறத்தாழ இருமடங்கு நேரம் திறந்திருந்தது.

1999 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே 'நேச்சர்' என்னும் விஞ்ஞான ஏட்டிலே முடிவுகள் வெளிவந்தன. அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றிலே வரும் மேதைச் சிறுவனின் பெயரால் அச்சுண்டெலிகளுக்கு 'டூகி' என்று பெயரிட்டிருந்தனர். இரண்டு பொருள்களைக் காட்டிவிட்டுப் பின்னர் அவற்றுள் ஒன்றை மாற்றி வைத்தால், பழையதை நினைவில் வைத்திருக்கும் சுண்டெலி புதியதையே சுற்றிச் சுற்றி முகரும். சாதாரணச் சுண்டெலி ஒரு நாளைக்குள் இரண்டையும் ஒன்றாகவே கருதத் தொடங்கிற்று. டூகியோ மூன்று நாட்களுக்குப் பின்னும் வேறுபாட்டை அறிந்தது. ஒரு வாரம் சென்றதும் அதுவும் மறந்தது என்பதையும் கூற வேண்டும். ஏனெனில் செய்தித்தாள்கள் அதனைப் பெரிதாகச் சொல்லவில்லை. நீர்த்தொட்டியிலும் டூகி விரைந்து கற்றது. ஓரிடத்திலே சிறு மின்னதிர்ச்சி பெற்றால் அவ்விடத்தை அஞ்சக் கற்றது. இங்கேதான் உற்று நோக்கத்தக்க செய்தி உள்ளது: அவ்விடத்திலே இனி அதிர்ச்சி இல்லை என்று ஆனபோது, அச்சத்தை விடுவதற்கும் அதுவே முந்திக்கொண்டது. பயப்படக் கற்பது மட்டுமன்று, பயத்தைக் கைவிடுவதும் ஒரு கல்வியே அன்றோ?

உலகமெங்கும் பரபரப்பு எழுந்தது. அறிவை ஊசி வழியே ஏற்றும் காலம் வந்துவிட்டது என்று எழுதியோர் உண்டு. இரண்டு ஆண்டுகள் செல்லவில்லை. 2001 ஆம் ஆண்டிலே டூகியைப் பற்றி வேறொரு செய்தி வந்தது. முதல் ஆராய்ச்சியிலேயே பங்கு கொண்டிருந்த மின் ஷுவோ என்பவரும் துணைவரும் இதே சுண்டெலிகளின் வலியுணர்வை ஆராய்ந்தனர். தோலும் தசையும் வீங்கி நெடுநாள் நோகும் வகையான வலியை டூகிகள் மற்றைச் சுண்டெலிகளினும் மிகுதியாக உணர்ந்தன. நெடுநேரம் திறந்து நிற்கும் கதவு நல்லதை மட்டும் தேர்ந்து உள்ளே விடுவதில்லை. பாடத்தை மறவாத மூளை நோவையும் எளிதில் மறப்பதில்லை போலும். மலையிலே வழுக்கி விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டவர்கள் டூகியாகப் பிறக்காததற்கு மகிழ்ந்துகொள்ளலாம்.

இனி இந்தியாவுக்கு வருவோம். பெங்களூரிலே தேசிய உயிரியல் ஆய்வு மையம் என்னும் நிறுவனம் ஒன்று உண்டு. அங்கே சுமந்திர சட்டர்ஜி என்பவர் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வந்த பொருள், மூளையின் மற்றொரு பகுதியைச் சார்ந்தது. வாதுமைப் பருப்பின் வடிவினதாதலால் கிரேக்க மொழியிலே வாதுமையின் பெயரையே தாங்கி நிற்கும் அப்பகுதி, அச்சத்துக்கும் உணர்ச்சிக்கும் உரிய நிலையம். கடற்குதிரைப் பகுதி இடத்தையும் நிகழ்ச்சியையும் குறித்துக்கொள்ள, வாதுமைப் பகுதி அவற்றோடு சேர்ந்த அச்சத்தைக் குறித்துக்கொள்கிறது.

அவர் எடுத்துக்கொண்ட நோய்களுள் ஒன்று, பிறஜைல் எக்ஸ் எனப்படும் பரம்பரைக் குறைபாடு. எக்ஸ் நிறமூர்த்தத்திலே உள்ள ஒரு பரம்பரையலகிலே மூன்றெழுத்துத் தொடர் ஒன்று திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கும். சாதாரணமாக அத்தொடர் 45 முறைக்குக் குறைவாகவே வரும். அது 200 முறையைக் கடக்குமாயின் அலகு முழுவதும் வாயடைத்துப் போகிறது. உண்டாக வேண்டிய புரதம் உண்டாவதில்லை. அறிவு வளர்ச்சிக் குறைவுக்குப் பரம்பரை வழியாக வரும் காரணங்களுள் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. ஆண்பிள்ளைகளில் ஏறத்தாழ 4,000 பேரில் ஒருவனுக்கும், பெண்பிள்ளைகளில் ஏறத்தாழ 8,000 பேரில் ஒருத்திக்கும் இது வரும் என்று பொதுவாகக் கணிப்பர். எந்த அலகு என்பது 1991 இல் கண்டுபிடிக்கப்பட்டது. 1994 இல் அதே அலகு நீக்கப்பட்ட சுண்டெலியும் உருவாக்கப்பட்டது.

அத்தகைய பிள்ளையைப் பார்த்தவர் பலர் இருப்பர். நோயின் பெயரை அறிந்தவர் சிலரே. கூட்டத்தைக் கண்டால் கலங்குவான், கண்ணோடு கண் நோக்கத் தயங்குவான், கைகளை உதறிக்கொண்டிருப்பான், சொன்னதையே திரும்பச் சொல்லுவான். பிள்ளைமடுவத்திலே ஆயா ஒருத்தி "இவன் மத்தப் பிள்ளை மாதிரி இல்ல" என்று முதலில் சொல்லியிருப்பாள். பள்ளிக்கு வந்ததும் அடம் என்றும், சோம்பல் என்றும், செய்வினை என்றும் மூன்று பேர் மூன்று காரணங்கள் கூறுவர். அவன் தாயோ, கருவுற்ற காலத்திலே தான் செய்த ஏதோ பிழையால் இது வந்தது என்று எண்ணித் தனியே அழுதிருப்பாள். மூன்றெழுத்து மிகையாக எழுதப்பட்டதற்கு அவள் எவ்வாறு பொறுப்பாவாள்?

இல்லாமற் போன அந்தப் புரதத்தின் வேலை யாது? நரம்பிணைப்புகளிலே புதுப் புரதங்கள் உண்டாவதைத் தடுத்து நிறுத்துவது அதன் வேலைகளுள் ஒன்று. அவ்வாறு உண்டாகத் தூண்டுவது குளுட்டமேற்று வாங்கிகளிலே மற்றொரு வகை. எம்குளூர்-5 என்பது அதன் பெயர். கினிகத்தேனை வளைவுகளிலே இறங்கும் லொறியை நினைத்துக்கொள்க. வாங்கி வேகத்தைக் கூட்டும் மிதியைப் போன்றது. அப்புரதம் பிறேக்கைப் போன்றது. பிறேக் அறுந்த லொறியிலே மிதியிலிருந்து காலை எடுத்தாலாவது விபத்துக் குறையாதா என்று மார்க் பெயர் என்னும் அமெரிக்க விஞ்ஞானியும் துணைவரும் 2004 ஆம் ஆண்டிலே கேட்டனர். 2007 இல் அவருடைய ஆய்வுகூடத்தார், நோயுள்ள சுண்டெலியிலே எம்குளூர்-5 வாங்கியின் அளவைப் பரம்பரையலகின் மூலமாகவே பாதியாகக் குறைத்துப் பார்த்தபோது, குறைகளுள் பல நீங்கக் கண்டனர். நம்பிக்கை பெருகிற்று. வாங்கியை அடைக்கும் மருந்துகள் மனிதரிலும் பரிசோதிக்கப்பட்டன. அங்கே எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. 2014 ஆம் ஆண்டிலே நோவார்ட்டிஸ் நிறுவனம் இந்நோய்க்கான தன் மருந்துப் பரிசோதனையை நிறுத்திக்கொண்டது. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மாதந்தோறும் பரிசோதனைக்குச் சென்றுவந்த பெற்றோரின் மனநிலையை எந்த விஞ்ஞான ஏடும் அட்டவணைப்படுத்தவில்லை.

சுண்டெலியிலே பலித்தது மனிதரிலே பலிக்காததற்குக் காரணங்கள் பல கூறப்படுகின்றன: மருந்து கொடுத்த வயது பிந்திவிட்டது என்பது ஒன்று, முன்னேற்றத்தை அளந்த முறை சரியன்று என்பது ஒன்று. பெங்களூர் ஆராய்ச்சி மற்றொன்றைச் சுட்டுகிறது. சட்டர்ஜியும் அபர்ணா சுவ்ரதனும் பிறரும் 2010 ஆம் ஆண்டிலே நோயுள்ள சுண்டெலியின் வாதுமைப் பகுதியை ஆராய்ந்தபோது, கடற்குதிரைப் பகுதியிலே மிகையாக இருந்தது இங்கே குறைவாக இருக்கக் கண்டனர். நரம்பிணைப்பு வலுப்பெறும் ஆற்றல் இங்கே குன்றியிருந்தது. எம்குளூர்-5 ஐ அடைக்கும் மருந்தைக் கொடுத்தபோது சில குறைகள் நீங்கின. வலுப்பெறும் ஆற்றல் மட்டும் மீளவில்லை. 2021 இல், அதே அலகு நீக்கப்பட்ட எலிகளிலே, சட்டர்ஜியின் குழுவினர் முன்னையதற்கு நேர்மாறான வழியைக் கையாண்டனர். வாதுமைப் பகுதியிலே இவ்வகை வாங்கிகளை அடைப்பதற்குப் பதிலாகச் சிறிது நேரம் தூண்டிவிட்டனர். அச்சத்தைக் கற்பதிலே இருந்த குறை நீங்கிற்று. ஒரே தலைக்குள்ளே, ஒரே நோயிலே, ஓரிடத்துக்கு மிதியிலிருந்து கால் எடுக்க வேண்டும். மற்றோரிடத்துக்கு மிதியை அழுத்த வேண்டும். எல்லா இடத்துக்கும் ஒரே மருந்தைப் பரவவிட்டவர்கள் தோற்றதில் வியப்பு இல்லை.

இதே ஆய்வுகூடத்திலிருந்து வந்த பழைய முடிவு ஒன்றையும் இங்கே சேர்த்துக் கூறல் தகும். இதிலே பரம்பரையலகை எவரும் தொடவில்லை. 2002 ஆம் ஆண்டிலே சட்டர்ஜியும், பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த சங்கரநாராயண ராவும், பிறரும் சாதாரண எலிகளை நாள்தோறும் இரண்டு மணி நேரம் அசைய முடியாதவாறு அடைத்து வைத்தனர். பத்து நாட்கள் இவ்வாறு செய்தபின் மூளையைப் பார்த்தபோது, கடற்குதிரைப் பகுதியிலே நரம்புக்கலங்களின் கிளைகள் சுருங்கியிருந்தன. வாதுமைப் பகுதியிலோ கிளைகள் வளர்ந்து பரந்திருந்தன. இடத்தையும் பாடத்தையும் நினைவில் வைக்கும் மரம் வாட, அச்சத்தை நினைவில் வைக்கும் மரம் தழைத்தது. பின்னர் அவ்வெலிகளை மூன்று வாரம் ஓய்வாக விட்டுப் பார்த்தும் வாதுமைப் பகுதியின் அந்த வளர்ச்சி மறையவில்லை. பிரம்பைக் கையிலே வைத்துக்கொண்டு வாய்ப்பாடு கேட்பவர்கள், பிள்ளையின் நினைவிலே எது பதிகிறது என்பதை இங்கே ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம். எலி வேறு, பிள்ளை வேறு என்று மறுப்பாரும் உளர்; மறுக்க இடமுண்டு. ஆனால் பிள்ளைகளிலே இச்சோதனையைச் செய்து பார்க்க எவரும் அனுமதி தரமாட்டார் என்பதையும் அவர்கள் நினைத்தல் வேண்டும்.

இனி, தொனெகாவாவின் ஆய்வுகூடத்திலே பிறந்த அந்தக் குறையுள்ள சுண்டெலிகளிடம் மீண்டும் செல்வோம். கடற்குதிரைப் பகுதியின் ஒரு கூற்றிலே வாங்கி இல்லாத இனம் அது. சியெனும் கிளேர் ராம்பொன் என்பவரும் துணைவரும் அவற்றுள் சிலவற்றை விளையாட்டுப் பொருள்கள் நிறைந்த பெரிய கூட்டிலே விட்டு வளர்த்தனர். ஓடும் சக்கரம், புகுந்து வெளிவரக் குழாய், ஏறி இறங்கப் படி, அடிக்கடி மாற்றி வைக்கப்படும் புதுப்பொருள்கள் ஆகியவை அங்கே இருந்தன. நாள்தோறும் சில மணி நேரமாக இரண்டு மாதங்கள் இது தொடர்ந்தது. அதன்பின் பொருளை அடையாளங் காணல், மணத்தை வேறு பிரித்தல், அச்சங் கொண்ட இடத்தை நினைத்தல் ஆகிய சோதனைகளை வைத்தனர். வெற்றுக் கூட்டிலே வளர்ந்த குறையுள்ள சுண்டெலிகள் முன்போலவே தோற்றன. விளையாடி வளர்ந்த குறையுள்ள சுண்டெலிகள் தேறின. வாங்கி திரும்ப முளைக்கவில்லை. அஃது இல்லாமலே அவை தேறின. இலத்திரன் நுணுக்குக்காட்டியிலே பார்த்தபோது, வாங்கி இல்லாத அதே கூற்றிலே நரம்பிணைப்புகள் எண்ணிக்கையில் கூடியிருந்தன. கதவு அடைபட்ட வீட்டுக்குள்ளே வேறு ஏதோ வழியாக வெளிச்சம் புகுந்துவிட்டது. இது 2000 ஆம் ஆண்டிலே வெளிவந்த ஆராய்ச்சி.

பரம்பரையலகைத் தொட அறியாத காலத்திலேயே இதனை ஒருவாறு கண்டவர்கள் உண்டு. கனடாவிலே கூப்பர், சுபெக் என்னும் இருவர் 1958 இல் வெளியிட்ட முடிவு அத்தகையது. சிக்கல் வழியிலே விரைந்து வழிகாணும் எலிகளைத் தலைமுறை தலைமுறையாக ஒன்றோடொன்று இணைத்து 'கூர்மதி' இனம் ஒன்றும், தடுமாறும் எலிகளை அவ்வாறே இணைத்து 'மந்தமதி' இனம் ஒன்றும் ஆக்கி வைத்திருந்தனர். சாதாரணக் கூட்டிலே வளர்ந்தால் இரண்டுக்கும் வேறுபாடு பெரிது. எதுவும் இல்லாத வெற்றுக் கூட்டிலே வளர்த்தபோது கூர்மதி எலிகளும் மந்தமதி எலிகளைப் போலவே தடுமாறின. விளையாட்டுப் பொருள் நிறைந்த கூட்டிலே வளர்த்தபோதோ மந்தமதி எலிகள் கூர்மதி எலிகளுக்குக் கிட்டத்தட்ட இணையாக வந்தன. பரம்பரை பொய்யன்று, தலைமுறைகளாகத் தெரிந்தெடுத்து வளர்த்த இனங்களே இவை. எனினும் அந்த வேறுபாடு வெளியே தெரிவதற்குக் கூட்டின் உதவி தேவைப்பட்டது.

எலிகளைப் பற்றிய கதை இன்னொன்று எஞ்சியிருக்கிறது. அதனை ஆசிரியர்கள் எல்லோரும் கேட்டிருத்தல் நன்று. அமெரிக்காவிலே ரொபேட் ரோசென்தால் என்பவரும் போட் என்பவரும் 1963 இல் வெளியிட்டது அது. உளவியல் பயிலும் மாணவர் 12 பேரிடம் ஆளுக்கு ஐந்து எலிகள் தரப்பட்டன. சிலரிடம் "உமது எலிகள் கூர்மதி இனத்தவை" என்றும், சிலரிடம் "உமது எலிகள் மந்தமதி இனத்தவை" என்றும் கூறப்பட்டது. நாட்கள் சென்றன. கூர்மதி எனப்பட்ட எலிகள் சிக்கல் வழியை நன்றாகக் கற்றுக்கொண்டன. மந்தமதி எனப்பட்டவை பின்தங்கின. சில எலிகள் தொடக்க மூலையை விட்டு நகரவே மறுத்தன. பின்னர் மாணவரிடம் கேட்டபோது, கூர்மதி எலிகளை வளர்த்தவர் தம் எலிகள் இனிய குணமுடையவை, பழகத் தக்கவை என்றனர். அவற்றை மென்மையாகத் தொட்டுத் தூக்கியதாகவும் கூறினர். மற்றவர்கள் தம் எலிகளைப் பற்றி அத்துணை அன்பாகப் பேசவில்லை.

இரு திறத்து எலிகளும் ஒரே இனத்தவை. எந்த எலியின் கூட்டிலே எந்தப் பெயர்ச்சீட்டைத் தொங்கவிடுவது என்று ரோசென்தால்தான் குறிப்பின்றிப் பிரித்துக் கொடுத்திருந்தார்.